டூலாவின் மதிய உணவு

காதல் நகைச்சுவைப் படங்களில் சிறுபான்மைச் சமூகத்துப் பெண் பெரும்பாலும் நாயகியின் தோழியாகத்தான் வருவாள். ஆறுதல் சொல்வாள், சிரிக்க வைப்பாள், கல்யாணக் காட்சியில் ஓரமாக நின்று கைதட்டுவாள். அவளுக்கென்று ஒரு காதல் இருக்காது. எனக்கு இது நெடுநாள் மனத்தாங்கல்.

அதனால்தான் 2002-இல் வந்த 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' படத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம். கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த நியா வர்டலோஸ், மேடையில் தனியாளாக நடித்த தன் நாடகத்தையே திரைக்கதையாக்கி, நாயகி டூலாவாகவும் நடித்தார். பள்ளி உணவறையில் சிறுமி டூலா மூசாக்கா என்ற கிரேக்க உணவோடு தனியே உட்கார்ந்திருப்பாள். பொன்னிறக் கூந்தல் சிறுமிகள் அந்த உணவின் பெயரைத் திரித்துக் கேலி செய்வார்கள். சின்னக் காட்சிதான், பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உறவினர் கூட்டத்தைக் கொஞ்சம் கேலிச்சித்திரமாகத்தான் தீட்டியிருக்கிறார்கள், அது குறைதான். ஆனால் டூலா முழு மனுஷி. அப்பாவை நினைத்துக் கூசுகிறாள், அவரை விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். முப்பது வயதில் படிக்கப் போகிறாள், காதலில் தடுமாறுகிறாள். அந்தத் தடுமாற்றத்தை வாழ்ந்தவளே எழுதியிருக்கிறாள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.