யார் கழுத்தில் என்ன நகை

12 ஜூன் 2025, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. இந்த வருஷம் தேதி தவறவில்லை. போன வருஷம் ஜூலைக் கடைசி வரை வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் நாள் ஆகும். ஆனால் கூட்டுறவுக் கடன் சங்கத்து வாசலில் இன்றைக்கே செருப்புகள் கிடந்தன. உழவுக்கூலி, விதை நெல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம், எல்லாம் ஒரே நேரத்தில்தான் வந்து நிற்கும். ஆனியில் அடகுக்கு வந்து பெட்டிக்குள் போகும் நகை தை அறுப்புக்கு அப்புறம்தான் வெளியே வரும். அந்தச் சங்கத்தில் செயலாளராக இருந்தவனுக்கு அதுதான் பஞ்சாங்கம்.

18 ஜூன்

டீக்கடையில் நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி போட்ட புது விதி பற்றிப் பேச்சு. ஏப்ரலில் வரைவு வந்தபோது, நகை உன்னுடையதுதானா என்று ஆதாரம் கேட்கப்போகிறார்கள் என்று பதறினார்கள். இந்த மாதம் 6-ம் தேதி இறுதி விதி வந்துவிட்டது. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாமாம். "அண்ணே, நம்ம சங்கத்துக்கும் இதுதானா?" என்று கேட்டார்கள். ஊர்ச் சங்கம் ரிசர்வ் வங்கிக்குக் கீழே வராது, இது வங்கிகளுக்கு என்றேன்.

பாட்டி போட்டிருந்த தோட்டுக்கு எந்தக் கடைக்காரன் ரசீது கொடுப்பான்? அந்தக் காலத்தில் ஆதாரம் நாங்கள்தான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டு, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பார். கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து நிகர எடை சொல்வார். நான் பேரேட்டில் எழுதுவேன். இது இன்னார் வீட்டு நெளி மோதிரம், இது இன்னார் மருமகளுக்குப் போட்ட ஜிமிக்கி என்று இருவருக்கும் தெரியும்.

2021-ல் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அதற்குக் கொஞ்சம் முந்தி, வட்டிக்குப் பயந்து மாட்டை விற்று நகையை மீட்ட ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஒழுங்கா கட்டினவன் ஏமாளியா சார்?" என்றார். தள்ளுபடி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குச் சொல்ல இன்று வரை பதில் கிடையாது.

27 ஜூன்

மன்னார்குடியில் கல்யாணம். பெண்ணின் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை, பத்திரிகையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரையும் அப்படித்தான். போட்டேனா இல்லையா என்று தினமும் அட்டையை எண்ணுகிறேன். ஆனால் மணமேடையில் பெண் கழுத்தில் கிடந்த காசுமாலையைப் பார்த்ததும் கொக்கிக்குப் பக்கத்துக் காசைத் தேடினேன். அது ஓரம் நசுங்கியிருக்கும். இருந்தது.

பெண்ணின் பாட்டி அதைப் பகலில் கொண்டுவரமாட்டார். சங்கம் சாத்துகிற நேரம் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். "தம்பி, பேரைக் கொஞ்சம் மெதுவா கூப்பிடுங்க" என்பார். அப்புறம் அந்த அம்மாவின் மருமகள் வந்தார். அவருக்கும் அதே நேரம், அதே தயக்கம். கடன் வாங்காத வீடு எங்கள் கிராமத்தில் ஒன்றுகூடக் கிடையாது. யாரிடமிருந்து ஒளித்தார்களோ, அவர்களும் மறுநாள் சாயங்காலம் வந்து நின்றவர்கள்தான்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "பரம்பரை நகை சார். பீரோவை விட்டு வெளியிலயே எடுத்ததில்லையாம்."

"அப்படியா" என்று பாயசத்தைக் குடித்தேன். எதிர் வரிசையில் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார், சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஓய்வு பெற்றபோது சாவியைத்தான் ஒப்படைக்க முடிந்தது. இது என்னோடு வந்துவிட்டது.

4 ஜூலை

கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் புலம்பல். முழங்கால் வலி. வேறு ஒன்றுமில்லை.

20 ஜூலை

இவள் தோட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். ஏழு கல் தோடு, எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்டது. காது ஓட்டை வருஷக்கணக்காக இழுபட்டுக் கோடாக நீண்டு, கீழே நூல் கனத்துக்குத்தான் சதை பாக்கி இருக்கிறது. வெளிச்சத்தில் திரும்பினால் ஓட்டை வழியாகப் பின்னால் இருக்கிற மயிர் தெரிகிறது. மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துவிடலாம், ஆறின பிறகு பக்கத்தில் புதிதாகக் குத்தலாம் என்றார் டாக்டர். "இந்த வயசுல எனக்குக் காதுகுத்துக் கல்யாணமா? தாய்மாமனுக்கு எங்க போறது?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்தத் தோடும் ஒரு தடவை அடகுக்குப் போனது. பையன் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம். செயலாளர் பெண்டாட்டி சொந்தச் சங்கத்தில் வந்து நின்றால் நன்றாக இருக்குமா? மன்னார்குடியில் ஒரு வங்கிக்குப் போனோம். பஸ்ஸில் முந்தானை முடிச்சை விடவே இல்லை. அங்கே குமாஸ்தா அவள் பேரை உரக்கக் கூப்பிட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். காசுமாலைப் பாட்டிக்கு நான் எத்தனை தடவை மெதுவாகக் கூப்பிட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

ஓசூரிலிருந்து பையன் குடும்பத்தோடு வந்திருந்தான். பாமணியாற்றுப் படித்துறையில் நிற்க இடமில்லை. காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேத்தி டப்பாவைத் திறந்து தோட்டைக் காதில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது, லாக்கரில் வைத்துவிடலாம் என்றான் பையன். சும்மாக் கிடப்பதற்குப் பேத்தியிடமே கொடுத்துவிடேன் என்று நான் இவளிடம் சொன்னேன்.

"அவளுக்குத்தான். ஆனா கல்யாணத்தன்னிக்கு. இப்ப குடுத்தா உங்க மகன் வீட்டுக் கடனுக்குக் கொண்டு வச்சிருவான்" என்றாள். பையன் சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை.