எங்க போறாய் எண்டு போட்டில எல்லாரும் கேப்பினம்

தீவுப் பக்கம் மிட்வைஃபா வேலை செய்த காலத்தில நான் வடிவா விளங்கிக்கொண்ட ஒரு விசயம், பாலியல் நோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ரெஸ்ற் எண்டா சனத்துக்கு ரெஸ்ற்றில இருக்கிற பயத்தை விட ரெஸ்ற்றுக்குப் போற வழியில இருக்கிற பயம் கூட. நெடுந்தீவில இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வாறதெண்டா விடியவெள்ளன எழும்பி போட் பிடிச்சு, குறிகட்டுவானில இறங்கி, பிறகு பஸ் பிடிச்சு வரோணும், கடல் எழும்பினா போட் ஓடாது, கூலிக்குப் போற ஆளெண்டா அண்டைக்குச் சம்பளமும் இல்லை. இந்தக் கஷ்டமெல்லாம் கூட்டங்களில கதைக்கிறவை. கதைக்காதது என்னெண்டா, அந்தப் போட்டில இருக்கிறது முழுக்கச் சொந்தக்காரரும் அயலட்டையும்தான், ஏறி இருந்த உடனை "எங்கை பிள்ளை போறாய், ஆருக்குச் சுகமில்லை, என்ன வருத்தம்" எண்டு அன்பாத்தான் கேப்பினம். பிறசர், சீனி எண்டா சொல்லலாம். பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போறன் எண்டு எந்தப் பொம்பிளை வாய் திறப்பா? அங்க மருந்து இலவசம், விபரம் வெளிய போகாது எண்டு நாங்கள் எத்தினை தரம் சொன்னாலும், கிளினிக் வாசலுக்கு வாறதுக்கு முன்னமே விபரம் கடல்ல போயிடும்.

அதாலதான் கீழ கொப்பளம் போட்டாலும், எரிஞ்சாலும், வெள்ளை பட்டாலும், பரு மாதிரி முளைச்சாலும் எல்லாத்துக்கும் உடம்புச் சூடு எண்ட ஒரே பேர். இளநீர் குடிப்பினம், வெந்தயம் ஊறவைச்சுக் குடிப்பினம். ஹேர்பீஸ் எண்ட பாலியல் நோய் வைரஸால வந்த கொப்பளம் எண்டா அது கொஞ்ச நாளில தானாவே காஞ்சுபோகும், உடனை வெந்தயம் வேலை செய்திட்டுது எண்டு நினைப்பினம், ஆனா வைரஸ் எங்கயும் போகேல்ல, நரம்புக்குள்ள போய்ப் படுத்திருக்கும், உடம்பு களைச்ச நேரம் திரும்ப எழும்பும். வேரோட எடுக்க மருந்தில்லை, ஆனா அசைக்ளோவிர் குளிசையை நேரத்தோட போட்டா வேதனை கெதியா அடங்கும், அடிக்கடி வாறதையும் குறைக்கலாம். இதை எங்கட சனத்துக்கு ஒருத்தர் முகத்தைப் பாத்து ஆறுதலாச் சொன்னா எவ்வளவு பேர் வருசக்கணக்கா வேதனைப்படாமல் இருந்திருப்பினம் எண்டு நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு கனக்குது.

பாலியல் உறவால தொத்துற இன்னொரு வைரஸான எச்பிவி வேற மாதிரி. அது நோகாது, எரியாது, பெரும்பாலும் ஒண்டு ரெண்டு வருசத்தில உடம்பே துரத்திப்போடும், துரத்த ஏலாமல் தங்கிற கொஞ்சம்தான் பேந்து கருப்பைக் கழுத்துப் புற்றுநோயா மாறுறது. அதில 16, 18 எண்ட ரெண்டு வகைதான் இந்தப் புற்றுநோயில நூற்றுக்கு 70 வீதத்துக்குக் காரணம். மாறுறதுக்கு வழமையா 15, 20 வருசம் எடுக்கும். எச்ஐவி இருந்து மருந்து எடுக்காத ஆக்களுக்கு 5, 10 வருசத்திலயே வந்திடும். இந்த 15, 20 வருசம் எண்ட கணக்கைத்தான் நான் வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சன், ஏனெண்டா எங்கட பக்கம் மனுசன் இல்லாத வீடு கன. சண்டையில போனவை, கடல்ல போனவை, காணாமல் போனவை. பொம்பிளையளைச் சோதிச்சுப் பாக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு வாங்கோ, 35 வயசிலயும் 45 வயசிலயும் கருப்பைக் கழுத்தில கலம் எடுத்துப் பாக்கிற பாப் ரெஸ்ற் செய்யோணும் எண்டு கூப்பிட்டா, இந்த அக்காமார்தான் முதல்ல தலையை ஆட்டி மறுக்கிறவை. "மிஸ், அவர் போய் எவ்வளவு காலமாச்சு, எனக்கேன் இது? சனம் என்ன நினைக்கும்?" எண்டு கேப்பினம். அந்தக் கேள்விக்குப் பின்னால இருக்கிற மானம் எனக்கு விளங்கும், நான் அதைக் குறைச்சுக் கதைச்சதில்லை. ஆனா வைரஸ் அவர் இருந்த காலத்திலயே வந்து இத்தினை வருசமாச் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம், அதனால தனிச்சு இருக்கிற உங்களுக்குத்தான் இந்த ரெஸ்ற் கட்டாயம் வேணும் எண்டு சொல்லுவன். சில பேர் அழுவினம். சில பேர் அடுத்த கிளினிக்குக்கு வருவினம். தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி வரமுன்னம் கனபேர் கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மகரகமை ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டி இருந்தது, பாசை தெரியாத ஊரில மாசக்கணக்கா அறை எடுத்து நிண்டவையும் இருக்கினம், நான் அதை நினைச்சுத்தான் திரும்பத் திரும்பப் போய் அந்தப் படலையைத் தட்டுறது.

ரெஸ்ற்றில ஏதும் வித்தியாசம் எண்டு வந்தா அடுத்த புயல் வீட்டுக்குள்ள. "ஆர் கொண்டந்தது?" மனுசன் கட்டாரில இருந்தா அவன் இவவைக் கேப்பான், மாமியார் இவவைக் கேப்பா, இவ ஒருத்தரையும் கேக்க ஏலாது. எச்பிவியில திகதி அடிச்சு வாறேல்ல, கலியாணம் கட்டமுன்னம் வந்ததோ, கட்டின பிறகு வந்ததோ, ஆரிட்ட இருந்து ஆருக்கு வந்ததோ ஒரு டொக்டராலயும் சொல்ல ஏலாது. தோலோட தோல் முட்டினாலே தொத்துற வைரஸ், அதால கொண்டமும் (ஆணுறை) முழுசாக் காக்காது, எச்ஐவியைத் தடுக்கிற அளவுக்கு இதைத் தடுக்காது. இதை நான் பொம்பிளையளுக்கு மட்டும் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு பேந்து ஏலுமான இடத்தில மாமியாரையும் பக்கத்தில இருத்திச் சொல்லத் தொடங்கினன். மாமியாருக்கு விளங்கினா பாதிச் சண்டை இல்லை.

கொண்டம் எண்ட உடனை இன்னொண்டு. கலியாணம் கட்டின ஆக்களுக்கு நாங்கள் குடும்பக்கட்டுப்பாடு எண்டு குடுக்கிறம், அதில வெக்கம் குறைவு. கலியாணம் கட்டாத பொடியன் மிட்வைஃபிட்ட வந்து கேக்கமாட்டான், ஊர்க் கடையில கேட்டா பின்னேரத்துக்கிடையில தகப்பனுக்குத் தெரியும். மீன்பிடி வாடியில மாசக்கணக்கா நிக்கிற பொடியங்கள், கொழும்புக்கு வேலைக்குப் போய் வாறவங்கள் எல்லாரும் இதுக்குள்ளதான். அவையளுக்கெண்டு ஒரு வழி இன்னும் திறக்கேல்ல, ஆண் உத்தியோகத்தர் ஒருத்தர் இதுக்கெண்டே வாடிக்குப் போய்ப் பழகினால்தான் சரிவரும் எண்டது என்ர எண்ணம்.

சரிவந்த விசயத்தையும் சொல்லோணும். பிள்ளைத்தாச்சியளுக்கு எச்ஐவிக்கும் சிபிலிஸ் எண்ட பாலியல் நோய்க்கும் சோதிக்க இரத்தம் எடுக்கிறம், எல்லாருக்கும், பணக்காரர் ஏழை ரீச்சர் கூலிக்காரி எண்ட வித்தியாசம் இல்லாமல். எல்லாருக்கும் எண்டதாலதான் ஒருத்தரும் வெக்கப்படுறேல்ல. எச்ஐவி இருக்கிற தாய் மருந்து எடுக்காட்டி பிள்ளைக்குத் தொத்துற சாத்தியம் நூற்றுக்கு 15 தொடக்கம் 45 வரைக்கும், ஒழுங்கா மருந்து எடுத்தா 5க்குக் கீழ வந்திடும். தாயிட்ட இருந்து பிள்ளைக்கு இந்த ரெண்டு நோயும் தொத்துறதை இலங்கை இல்லாமல் ஆக்கிப்போட்டுது எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல அத்தாட்சி குடுத்தது. அந்தச் செய்தி வந்த நேரம் எனக்குப் பெருமையா இருந்தது, ஏனெண்டா அந்தக் கணக்குக்குள்ள போட்டில ஐஸ்பெட்டிக்குள்ள வைச்சு அனுப்பின எங்கட இரத்தப் போத்திலும் இருக்குது.

எச்பிவி ஊசியும் அப்பிடித்தான் நடக்குது. 2017இல இருந்து ஆறாம் வகுப்புப் பெட்டையளுக்குப் பள்ளிக்கூடத்திலயே ரெண்டு ஊசி, ஆறு மாச இடைவெளியில. முதல்ல தாய்மார் "இந்தச் சின்ன வயசில ஏன் மிஸ், இவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" எண்டு கேட்டவை, நியாயமான கேள்விதானே. வைரஸ் கிட்ட வரமுன்னம் போட்டாத்தான் ஊசி நல்லா வேலை செய்யும், வந்த வைரஸை அது துரத்தாது எண்டு சொன்னா விளங்கிக்கொள்ளுவினம். வகுப்பு முழுக்கப் போடுறதால ஒரு பிள்ளையையும் ஒருத்தரும் தனிய விரல் காட்டேல்ல.

ஒருக்கா ஒரு இடத்தில கிளினிக்குக்கு உதவிக்குப் போனன், பேரைச் சொல்லமாட்டன், அங்க வராந்தாவில சனம் நிறைஞ்சிருக்க ஒருத்தர் பேரையும் ரெஸ்ற்றையும் சேத்துச் சத்தமாக் கூப்பிட்டவர். அண்டைக்கு வந்திருந்த ஒரு அக்கா எழும்பி நேர வீட்ட போயிட்டா. பேந்து அவவைக் கூட்டிவர நான் பட்ட பாடு. கோவம் இப்பவும் ஆறேல்ல.

இப்ப வைரஸ் இருக்கோ எண்டு நேர பாக்கிற எச்பிவி டிஎன்ஏ ரெஸ்ற்றுக்குப் பொம்பிளையள் தாங்களே யோனியில இருந்து சாம்பிள் எடுத்துக் குடுக்கலாம், உலக சுகாதார நிறுவனம் 2021இல அதைப் பரிந்துரைச்சுப்போட்டுது, 30 வயசில தொடங்கி 5 தொடக்கம் 10 வருசத்துக்கு ஒருக்காச் செய்தாக் காணும். கட்டிலில ஏறிப் படுக்கத் தேவையில்லை, தன்ர வீட்டுக் குளியலறையிலயே எடுக்கலாம். மிட்வைஃப் சைக்கிள்ல ஒவ்வொரு படலையாப் போறவ, அவவின்ர பாக்குக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருத்தரும் பாக்கிறேல்ல, பால்குடிப் பிள்ளையைப் பாக்கப் போனாவாக்கும் எண்டு நினைப்பினம். தீவுகளுக்கு இது முதல்ல வரோணும் எண்டு நான் கேக்கிறன், பட்டணத்துக்குப் பிறகு இல்லை.

புதுசாத் தீவுக்கு வேலைக்குப் போற தங்கச்சிமாருக்கு ஒண்டு. பிள்ளையளுக்கு நிறை பாக்கிற நாளிலயே பாப் ரெஸ்ற்றையும் வையுங்கோ, அப்ப வாறதுக்கு ஆக்களுக்குச் சாட்டு இருக்கும். றிப்போட்டை ஆரிட்டயும் குடுத்து விடாதேங்கோ, நீங்களே கொண்டுபோய்க் கையில குடுங்கோ, நோர்மல் எண்டாலும் கொண்டுபோங்கோ, ஏனெண்டா வித்தியாசம் எண்டு வந்த றிப்போட்டுக்கு மட்டும் வீட்ட போனீங்கள் எண்டா நீங்கள் எந்தப் படலையைத் திறக்கிறீங்கள் எண்டதை வைச்சே ஊர் கணக்குப் போட்டிடும்.