பதினாறு கல் கப்பலை எது வீழ்த்தும்?

ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸும் ஸ்டார் வார்ஸின் ஸ்டார் டெஸ்ட்ராயரும், இரண்டு விண்கப்பல்களும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால், எல்லோரும் முதலில் நீளத்தைத்தான் பேசுகிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாம் ஊருக்கு வந்திருந்தபோதும் அதுதான் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் ஸ்டார் வார்ஸ் பைத்தியம். சாப்பாடு முடிந்ததும் வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல் ஒன்றுக்கு 100 மீட்டர் என்று கணக்கு வைத்து, புளியங்கொட்டையை அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்டார் டெஸ்ட்ராயர் 1,600 மீட்டர். பதினாறு கல் ஓடி இரண்டாங்கட்டு நிலைப்படியில் போய் நின்றது. கேப்டன் பிக்கார்டின் எண்டர்பிரைஸ்-டி 642 மீட்டர், ஆறரைக் கல்கூட இல்லை. 1966 தொடரில் வந்த கேப்டன் கிர்க்கின் எண்டர்பிரைஸ் 289 மீட்டர், மூன்று கல்லுக்குள் அடங்கிவிட்டது.

"இதுக்கு மேல என்ன தம்பி பேச்சு?" என்றார்.

நீளத்தை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. எந்தக் கப்பல் எதனால் உடைந்தது என்று திரையில் காட்டினார்களோ, அதைத்தான் பார்ப்பேன். 1980இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஒரு விண்கல் நேராக வந்து ஸ்டார் டெஸ்ட்ராயரின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை நொறுக்குகிறது. 1983இல், அதைவிடப் பல மடங்கு பெரிய எக்ஸிக்யூட்டர் என்ற கப்பல், அதைக் காக்கும் ஆற்றல் கேடயம் போன கையோடு ஏ-விங் என்ற குட்டிப் போர் விமானம் ஒன்றே ஒன்று வந்து மோதியதில் தலைகுப்புற டெத் ஸ்டார் என்ற விண்கோட்டையின் மேல் போய் விழுகிறது. கப்பலின் மூளையை வெளியே நீட்டிக் கோபுரத்தில் வைத்திருப்பதுதான் கோளாறு. எண்டர்பிரைஸின் ஃபோட்டான் டார்பிடோ எதிர்ப்பொருளால் வெடிப்பது. ஒரு கிலோ எதிர்ப்பொருள் ஒரு கிலோ பொருளோடு சேர்ந்து அழிந்தால் சுமார் 43 மெகாடன்; ஹிரோஷிமா குண்டு ஏறக்குறைய 15 கிலோடன்தான். கேடயம் தளர்ந்த நேரத்தில் அந்தக் கோபுரத்தில் ஒன்று பட்டால் போதும்.

வேகத்தில் அண்ணன் பக்கம் நியாயம் உண்டு. ஸ்டார் ட்ரெக்கின் இன்னொரு கப்பலான வாயேஜர் 70,000 ஒளியாண்டு தள்ளிப் போய் மாட்டிக்கொண்டபோது வீடு திரும்ப 75 வருஷம் ஆகும் என்றார்கள். ஒளியை மிஞ்சிப் பாயும் ஹைப்பர்டிரைவ் வைத்திருக்கும் ஸ்டார் வார்ஸ்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. நீண்ட போரென்றால் எண்டர்பிரைஸ் தரப்பு திணறும். எண்டர்பிரைஸ்-டிக்கும் ஒரு ஓட்டை இருந்தது. 1994இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில், கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் பழைய கப்பல் ஒன்று கேடயத்தின் அலைவரிசையைத் தெரிந்துகொண்டு டார்பிடோவை உள்ளேயே அனுப்பிவிடுகிறது.

இந்த இரண்டையும் விட என் மனசு கேலக்டிகாவிடம்தான். 2003இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ கதையின் போர்க்கப்பலைச் சொல்கிறேன். ஓய்வு கொடுத்து அருங்காட்சியகமாக்க இருந்த கிழட்டுக் கப்பல். புதிய கப்பல்களின் கணினிகளுக்குள் எதிரிகளான சைலான் இயந்திரங்கள் புகுந்து ஒரு சுவிட்சை அணைப்பதுபோல் அணைத்துவிட, இது தப்பியது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க அதன் தளபதி அடாமா கடைசிவரை ஒப்புக்கொள்ளாததுதான் காரணம். அதற்குக் கேடயமே கிடையாது. தடித்த இரும்பும் பீரங்கியும்தான். 2006இல் வந்த அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். நியூ காப்ரிகா என்ற கிரகத்தின் காற்று மண்டலத்துக்குள்ளேயே குதித்து (ஓரிடத்தில் மறைந்து கணத்தில் வேறிடத்தில் தோன்றுவதைத்தான் குதிப்பது என்பார்கள்), தீப்பற்றிக் கல் மாதிரி கீழே விழுந்துகொண்டே வைப்பர் என்ற போர் விமானங்களை இறக்கிவிட்டு, தரை நெருங்கும் முன் மறுபடி குதித்து மறைகிறது.

"கேடயம் இல்லாம ஸ்டார் டெஸ்ட்ராயரோட டர்போலேசர் பீரங்கி முன்னாடி எத்தனை நிமிஷம் நிக்கும்?" என்று கேட்டார் அண்ணன்.

முன்னாடி நின்றால் நிற்காதுதான். அது ஏன் முன்னாடி நிற்க வேண்டும்? 2009இல் வந்த கடைசிப் பகுதியில் எதிரிக் கோட்டையின் பக்கத்திலேயே குதித்து, மூக்கை அதற்குள் முட்டி இறக்கிய கப்பல் அது. பதினாறு கல் வரிசையின் பின்கோடியில், கோபுரம் இருக்கும் இடத்தை ஒட்டி ஒரு கொட்டையை வைத்தேன். அங்கே குதித்து எல்லாப் பீரங்கியையும் ஒரே நேரத்தில் திறந்தால் கோபுரம் மிஞ்சாது. அதன் முதுகும் முறியலாம், அந்தக் கடைசிப் பகுதியில் முறிந்த மாதிரியே. ஆனாலும் அந்தச் சண்டையில் என் ஓட்டு கேலக்டிகாவுக்குத்தான்.