மின்விசிறிக் கொக்கியில் சொட்டிய உப்புத் தண்ணீர்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தின் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை இருப்பதை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். தெருவெல்லாம் தண்ணீர் நின்ற நாட்கள் அவை என்பதால், மொட்டைமாடியில் எங்கோ வெடிப்பு விட்டிருக்கிறது, மழைநீர் இறங்கிவிட்டது என்று எல்லோருமே முடிவு கட்டினோம். பிப்ரவரியில் கொத்தனாரை வரவழைத்து, தட்டோடுகளின் இடுக்குகளை அடைத்து, அதன் மேல் வெள்ளை நிற நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கை அடித்தோம். பதினாலாயிரம் ரூபாய் செலவானது. மார்ச்சில், ஒரு பொட்டு மழை இல்லாத நேரத்தில், கறை முறத்தளவு விரிந்து, மின்விசிறி தொங்கும் கொக்கியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

சொட்டுவது மின்சாரக் கம்பி வரும் பெட்டியிலிருந்து என்று தெரிந்ததும் முதல் வேலையாக அந்தச் சுற்றின் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையை) அணைத்து, மின்விசிறியைக் கழற்றி இறக்கினோம். சென்னை மார்ச்சில் விசிறி இல்லாத கூடம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஈரம் ஏறிய பெட்டியில் மின்சாரத்தை ஓடவிட்டுக்கொண்டு ஆராய்ச்சி செய்வது மடத்தனம்.

கொத்தனார் மறுபடி வந்து இன்னொரு கை பூச்சு அடிக்கலாம் என்றார். அதற்கு முன் மழைநீர் இறங்கும் வாயைத் துணியாலும் மணல் மூட்டையாலும் அடைத்து, தளத்தில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கலாம் என்றேன். (ஓர் அங்குலமே போதும், ஒரு சதுர மீட்டருக்கு அதுவே 25 கிலோ. பழைய தளத்தின் மேல் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கிச் சோதிக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.) இரண்டு நாள் அப்படியே விட்டும் சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தளத்தின் மேற்பரப்பு குற்றவாளி அல்ல என்பது அத்துடன் தெளிவாயிற்று.

அடுத்து நான் நம்பியது, குடிநீரைச் சோதிப்பதற்காக வாங்கி வைத்திருந்த, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும் டிடிஎஸ் மானியை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று குடிநீர் வாரியத் தண்ணீர், மற்றொன்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கடலோரம் என்பதால் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இங்கிருந்து வடக்கே மீஞ்சூர் வரை நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்த கதையும், 2010இல் காட்டுப்பள்ளியில் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுடன் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த கதையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிந்தவையே. ஆகவே சொட்டும் நீரை ஒரு டம்ளரில் பிடித்து அளந்தால், அது எந்தத் தண்ணீர் என்று எண்ணே சொல்லிவிடும் என்று நினைத்தேன். எண் எதையும் சொல்லவில்லை. கிணற்று நீரைவிடவும் அதிகமாகக் காட்டியது. சிமெண்ட் தளத்தின் வழியே ஊறி வரும் நீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் வரும், மானியோ மின்சாரத்தைக் கடத்தும்படி கரைந்திருப்பது எதுவானாலும் சேர்த்தே எண்ணும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கொக்கியின் ஓரத்தில் வெள்ளையாகக் குச்சி போல் தொங்கியதும் பலர் சொன்னபடி உப்பு அல்ல, அதே சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகியதுதான். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது.

பிளம்பர் பாய் மானியைத் தொடக்கூட இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டை வாங்கி நாக்கில் வைத்துவிட்டு, "போர் தண்ணி சார் இது, கரிக்குது" என்றார். சுண்ணாம்பு கரைந்தால் எண் ஏறுமே தவிர, உப்புக் கரிப்பு வராது. என் மானியைவிட அவர் நாக்கு சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறது.

உறுதி தந்தது ஒரு பழைய குறிப்பேடு. சொட்டு எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று பத்து நாள் எழுதி வைத்திருந்தேன். வார நாட்களில் காலை எட்டு மணியளவில் தொடங்கி நண்பகலில் நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பதினொன்றரைக்கு மேல்தான் தொடங்கியிருந்தது. ஞாயிறு ஏன் தாமதம் என்று யோசித்தபோது கீழ்வீட்டு அண்ணிதான் விடையைச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிட்டு வந்துதானே மோட்டார் போடுறாரு." வார நாளில் ஐந்தரைக்கு ஓடும் மோட்டார், அன்று ஒன்பது மணிக்கு ஓடுகிறது. இரண்டிலும் மோட்டார் போட்டு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் கழித்தே சொட்டு. மறுநாள் அண்ணனிடம் சொல்லி மோட்டாரை மாலை ஆறு மணிக்குப் போடச் செய்தோம். காலை முழுவதும் கூரை வாய் திறக்கவில்லை; இரவு எட்டரைக்கு முதல் சொட்டு விழுந்தது.

மோட்டார் ஓடும்போது மட்டும் ஒழுகுவதென்றால் அது தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குழாய் சுவரேறி வந்து, மாடியில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியில் புதைந்து தொட்டிக்குப் போகிறது. கொக்கிக்கு நேர் மேலே அது செல்லவே இல்லை என்பதால்தான் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. பாய் மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தரையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தபடி ஓர் ஓரத்திலிருந்து அடியடியாக நகர்ந்தார். படிக்கட்டு அறைச் சுவரருகே நின்று என்னையும் கேட்கச் சொன்னார். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதற்குச் சற்று முன் வரும் சத்தம் போல் இருந்தது.

நான்கு தட்டோடுகளைப் பெயர்த்தோம். ஜல்லி மிளகாய் விழுது போல் சிவப்பாகக் குழைந்து கிடந்தது. அதைக் கையால் அள்ளி எடுத்ததும், பழைய இரும்புக் குழாயோடு பிவிசி குழாயைச் சேர்த்திருந்த இடத்தில், உப்புநீர் அரித்துத் தின்ற மரையின் வழியே நூலிழை போல் தண்ணீர் பீறிட்டது. அதற்கு ஒரு சாண் தள்ளி, மாடி விளக்குக்காகக் கூடத்து விசிறிப் பெட்டியிலிருந்து வந்த ஒயர்க் குழாய் தளத்தைத் துளைத்து மேலே வந்திருந்தது. ஜல்லியில் ஊறிய நீர் மெல்ல அந்தக் குழாய்க்குள் இறங்கி, தளத்துக்குள்ளேயே பதினோரு அடி பயணம் செய்து கொக்கியில் வெளிப்பட்டிருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரம் ஜல்லி ஊறுவதற்கான நேரம். பிப்ரவரியில் அடித்த பூச்சு நிலைமையை மோசமாக்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். அதுவரை வெயிலில் மேல்வழியாக உலர்ந்துகொண்டிருந்த ஈரத்துக்கு இருந்த ஒரே வாசலையும் நாங்களே அடைத்துவிட்டோம்.

புதைந்த குழாயை அப்படியே கைவிட்டு, கைப்பிடிச் சுவரின் உட்புறமாகக் கண்ணில் படும்படி புதுக் குழாய் இழுத்தோம். ஒயர்க் குழாயின் மேல் வாயை அடைத்து, மாடி விளக்குக்கு வேறு வழியில் இணைப்புக் கொடுத்தோம். விசிறி ஏப்ரல் கடைசியில்தான் ஏறியது, அதுவும் எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து ஈரம் இல்லை என்று பார்த்த பிறகு. கூரைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. வாரம் ஒருமுறை கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வந்தேன்; கடைசிக் கோடு ஏப்ரல் 7ஆம் தேதியுடையது, கறை அதைத் தாண்டவில்லை. விருந்தாளிகள் அண்ணாந்து பார்த்து இது என்ன வரைபடம் என்று கேட்கிறார்கள்.