கொழுந்துக் கறை

ஜூன் 4

அம்மாவின் பரிசோதனை அறிக்கை வரவில்லை. மழையும் விடவில்லை.

ஜூன் 5

அம்மாவை வரைகிறேன். பஸ்டல் பெட்டியில் முகத்துக்கென்று இருக்கும் வண்ணக் குச்சிகள் அனைத்தும் இளஞ்சிவப்பு. அம்மாவின் நெற்றிக்கு அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. கத்தரிப்பூ நிறத்தை அடியில் பூசி, அதன்மேல் செங்காவியையும் மெல்லிய மஞ்சளையும் இழுத்தபோதுதான் தோல் உயிர்கொண்டது. பள்ளியில் நாங்கள் பஸ்டல் என்று சொன்னது மெழுகுக் குச்சியை. இதுவோ வெறும் நிறப்பொடி, பிசின் பெயரளவுக்குத்தான், ஊதினால் பறக்கும். இலங்கை மலைநாட்டு ஹட்டனின் மூடுபனியில் தாள் ஈரம் கோத்துக்கொள்வதால், இரவில் அதை அடுப்படிச் சுவரில் சாய்த்துவைக்கிறேன்.

ஜூன் 7

பஸ்டல் ஓவியர் லியோத்தார் 1744 அளவில் வியன்னாவில் வரைந்த சொக்லேட் பணிப்பெண்ணின் அச்சுப்படத்தை நெடுநேரம் பார்த்திருந்தேன். அசல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கிறது. அவள் நம் பக்கம் திரும்பவுமில்லை, சிரிக்கவுமில்லை. தட்டிலுள்ள கோப்பையும் தண்ணீர்க் குவளையும் தளும்பாமல் நடக்கிறாள். பேரரசி மரியா தெரேசாவை வரைந்த அதே கை, இவளுடைய வெள்ளை ஏப்ரனை மடித்துவைத்த தடத்தைக்கூட விடாமல் பதிந்திருக்கிறது. சுற்றுலா அட்டைகளில் எங்கள் தேயிலைத் தோட்டப் பெண்கள் எல்லோரும் கொழுந்துக் கூடையோடு பல்லைக் காட்டுகிறார்கள். யார் சிரிக்கச் சொன்னார்களோ. என் படத்தில் கூடையும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம் என்று முடிவுசெய்தேன்.

ஜூன் 8

அம்மா படத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். கூடை எங்கே, இடுப்பில் கட்டும் படங்கு எங்கே என்று கேட்டார். "36 வருஷம் மலைக்குப் போனவளைச் சும்மா குந்தியிருக்கிறவளாக்கிட்டியே, புள்ள." கூடைக்கயிறு அழுத்தி உச்சியில் முடி உதிர்ந்த தடத்தை மட்டும் போடக்கூடாதாம், அதைத் துணியால் மூடவேண்டுமாம். நான் வரைய ஆசைப்பட்டதே அந்தத் தடத்தைத்தான். இருவரும் பேசாமல் தேநீர் குடித்தோம்.

ஜூன் 9

துணியை வரைந்தேன். அம்மாவுக்கு இன்னும் சம்மதமில்லை.

ஜூன் 12

மூன்று வாரமாகப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகாததால் அம்மாவின் விரல்களில் கொழுந்துக் கறை வெளுத்துக்கொண்டு வருகிறது. கிள்ளும்போது கசியும் சாறு காற்றுப்பட்டுக் கறுப்பதும், தொழிற்சாலையில் அரைத்த இலை நிறம் மாறுவதும் ஒரே காரணத்தால்தான் என்பதால், அந்த விரல்களை நான் தேயிலை என்றே நினைத்திருந்தேன். அவை வெறும் விரல்களாவதைக் காணப் பொறுக்கவில்லை. முகம் காத்திருக்கட்டும், கைகள்தான் முதலில்.

ஜூன் 13

அறிக்கை வரவில்லை. படத்தின்மேல் ஒட்டுத் திரவம் தெளித்தால் பொடி ஒட்டும், ஆனால் நிறம் இருண்டுவிடும். கறை இருப்பதைவிடக் கறுப்பாகத் தெரிந்தால் அது பொய். தெளிக்காமல் கண்ணாடி போடுவேன்.

ஜூன் 15

இடது கை முடிந்தது. வலது கைக்கு வெளிச்சம் போதவில்லை. காலையில் பார்க்கவேண்டும்.