டொக்… டொக்…

ஆயுத பூஜைக்குப் பரணை ஒழிக்கும்போது அப்பாவின் ஆயில் கேன் கையில் அகப்பட்டது.

கொக்கு மூக்கு மாதிரி நீண்ட குழாய். கட்டைவிரலால் அடித்தகட்டை அழுத்தினேன். டொக். விட்டதும் இன்னொரு டொக். எண்ணெய் வற்றி எத்தனை வருஷமோ, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவிடம் அம்பாசிடர் இருந்தது. ஞாயிறு காலையில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே தொட்டு விலகும் கரிபிடித்த பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார். அப்புறம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியும் தகடுகள். 0.4 மில்லிமீட்டர் தகட்டை இடுக்கில் நுழைத்து, "லேசா பிடிக்கணும்டா, இழுத்தா வந்துடணும்" என்பார்.

வண்டியைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது மட்டும் திட்டு விழும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கணும். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போச்சு.

காலி ஆயில் டின்னும் வீணாகாது. வாயை வெட்டி அம்மா துளசி வைத்துவிடுவாள்.

2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. எங்கள் வண்டி அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது.

இப்போது பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. போன மாதம் சர்வீஸில் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு "சென்சார் சார்" என்றார்கள். எனக்குப் பில் மட்டும் புரிந்தது. (வண்டி நடுவழியில் நிற்பதில்லை, அதையும் சொல்லணும்.)

கேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாச்சு.

பையன் அதை எடுத்து டொக் டொக்கென்று அழுத்திக்கொண்டே இருக்கிறான். பூஜை முடியட்டும்டா என்றால் கேட்கிறானா?