சிங்கராஜ வனம் கடந்து தெனியாய வரை

கோண்டாவில் செம்மண்ணில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். ஐயா துலாவில் இறைக்க, வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறி வளர்ந்தவர் என் அம்மா. 68 வயதாகும் அவருக்கு ஒரு மழைக்காட்டைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரத்தினபுரியில் தங்கி, விடிய ஐந்தரைக்கு வான் வண்டியில் புறப்பட்டோம். இறக்குவானை தாண்டியதும் புளுத்தோட்டை வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு திருப்பத்திலும் காடு பாதையோடு நெருங்கி வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, யன்னல் கண்ணாடியை மட்டும் மூட விடவில்லை.

தெனியாயவைத் தாண்டி, மெதிரிபிட்டிய பக்கமாகச் சிங்கராஜக் காட்டுக்குள் நுழைந்தோம். வழிகாட்டித் தம்பி காலில் சவர்க்காரம் பூசச் சொன்னார். அப்படியும் இரண்டு அட்டைகள் என் கணுக்காலில் ஏறிவிட்டன. உப்புப் போட்டதும் விழுந்தன.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. அப்புறம் விட்டது. ஆனால் மரங்களுக்குக் கீழே அது விடவேயில்லை. உயரத்து இலைகள் மழையை வாங்கிக் கீழ் இலைகளுக்கு விட, அவை கூர்நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாக நிலத்துக்கு இறக்கின. மண்ணுக்கு மேலே மெத்தை போல மக்கிய சருகு. அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கால் தண்ணீர் வழிந்தது. “எல்லாத்தையும் பிடிச்சு வைச்சுக்கொண்டு மெல்ல மெல்ல விடுது, பார்” என்றார். இந்தக் காட்டிலிருந்து நீர் பெறும் ஜின் கங்கை ஆறு வற்றாமல் இருப்பதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

1970களில் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டில் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்த்ததால் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக்கியது. அன்று பேசியவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன். “கெஹிபெல்லா!” என்று தம்பி கையைக் காட்டினார். நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, சிவந்த அலகு. இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை. கிளைக்குக் கிளை தாவி மறைந்தது.

ஓடையொன்றில் அம்மா கால் வைத்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழும்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

பின்னேரம் தெனியாயவுக்குத் திரும்பினோம். மலைச்சரிவெல்லாம் தேயிலை, அதன் மேலே பஞ்சாக மூடுபனி. சின்னக் கடையொன்றில் பிளேன்ரீயும் கித்துள் கருப்பட்டியும் தந்தார்கள். எங்கள் பனங்கட்டியை விட இளகியது, வாசம் வேறு. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் எங்கள் பேச்சைக் கேட்டு, “யாழ்ப்பாணமாம்மா?” என்று பக்கத்தில் வந்து நின்றார்.

“ஓம் பிள்ளை. இஞ்ச இந்த மழை எப்பதான் விடும்?”

“விடக்கூடாதும்மா. விட்டா கொழுந்து வராது.”

அம்மா கருப்பட்டியில் பாதியை உடைத்து அவர் கையில் வைத்தார்.